கதவுக்குள் நாற்றங்கால்

ஹலோ… ஹலோ அக்கா… நான்தான், வைத்தி… வைத்திக்கா, உன் தம்பி… ஆமா… ஆமா… கேக்குதா?… இரு, கொட்டாயி பக்கம் வர்றேன், இங்க டவர் இல்ல போலருக்கு… இப்ப?… இப்ப கேக்குதா?… ஆங், சரி.

ஒண்ணுமில்ல, சும்மாதான் பண்ணேன்… ஏன், ஒரு தம்பி அக்காவுக்கு சும்மா போன் பண்ணக் கூடாதா?… சரி சரி, பண்ணதில்லதான். ஒத்துக்கிறேன். சாப்ட்டியா?… என்ன குழம்பு?… ஓ… கும்பகோணத்துல மழை உண்டா?… இங்க குத்தாலத்துல விட்டு விட்டு பெய்யுது… வண்டியா? வண்டிக்கு என்ன, நல்லாருக்கு உன் வண்டி… ரொம்ப நல்லாருக்கு. பச்சைப் பசேல்னு இருக்கு.

… இல்ல, வெள்ளை வண்டிதான். பெயிண்டெல்லாம் ஒண்ணும் அடிக்கல… பச்சைன்னா சொன்னேன்?… அக்கா, நீ இப்ப நிக்கிறியா, உக்காந்திருக்கியா?… உக்காரு… யாருக்கும் ஒண்ணும் ஆகல. மங்களம் நல்லாருக்கா, மாடு நல்லாருக்கு, நான் நேத்து வரைக்கும் நல்லாருந்தேன்… கட்டில்ல உக்காந்துட்டியா?… சரி. உன் வண்டி முளைச்சிருச்சுக்கா.

… முளைச்சிருச்சு… மு-ளை-ச்சி… நெல்லு! நெல்லு முளைச்சிருக்கு, கார் கதவுல. முன்னாடி இடது கதவு. கண்ணாடி இறங்குற சந்து இருக்குல்ல, அந்த ரப்பர் ஓரமா, வரிசையா, நாத்து. கட்டைவிரல் உசரம் இருக்கும். காலைல தார்ப்பாய உருவிட்டுப் பாத்தா எட்டிப் பாக்குது. என்னைப் பாத்து தலையாட்டுற மாதிரி இருந்துச்சு…

என்ன ரகமா?… ஏடிடி முப்பத்தேழுன்னு நெனைக்கிறேன்… அக்கா, உன் கார் கதவுல பயிர் ஏறியிருக்குங்கிறேன், நீ ரகம் கேக்குற!

… பிடுங்கலையான்னா… பிடுங்கப் போனேன். மனசு வரல. என்ன இருந்தாலும் முளைச்ச பயிரு… ஆமா, கொஞ்சம் தண்ணி கூடத் தெளிச்சேன். கை பழக்கம்க்கா, என்ன பண்றது.

எப்படின்னா… சொல்றேன். நான்தான் காரணம். வேற யாரு, வண்டி தானா போயி வெதை விட்டுக்குமா? நீதானே சொன்ன, இடது பக்கத்துலேந்து ஒரு சத்தம் வருது, உயிர எடுக்குதுன்னு… ஆமா, இடதுன்னுதான் சொன்ன. அதான் அந்தக் கதவுக்கு மட்டும் ஸ்பெஷல் கவனிப்பு. போன்ல ஒரு வீடியோ பாத்தேன். வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் இத மாதிரி பழைய வண்டியில கதவப் பிரிச்சு, உள்ள கறுப்பா ஒரு ஷீட்ட ஒட்டி, பஞ்ச வச்சு மூடுறான். தப்புனு விழுது கதவு, பேங்க் லாக்கர் மாதிரி. எங்க அக்கா அம்சவல்லி டீச்சர் வண்டியும் அப்படி தப்புனு விழணும்னு எனக்கு ஆசை வந்துருச்சு. அந்த ஷீட்டு இங்க ஒரு கடையிலயும் கெடைக்கல. அப்பதான் யோசிச்சேன்… ஆமா, அங்கதான் தப்பு, யோசிச்சிருக்கக் கூடாது. ஐஸ் கம்பெனியில உமிக்குள்ள ஐஸ் கட்டியப் பொதைச்சு வைப்பாங்கல்ல? வெயில உள்ள விடாத உமி சத்தத்த மட்டும் விட்டுருமா?…

உமி இல்லக்கா, பதர்… உமி எங்க கெடைக்குது இப்ப, மில்லுக்காரன் எல்லாத்தையும் அவன் அடுப்புக்கே அள்ளிப் போட்டுக்குறான். கொள்முதல் நிலையத்து வாசல்ல குறுவை தூத்துன பதர் மலையா கெடந்துச்சு. ரெண்டு மூட்ட அள்ளிக்கிட்டு வந்து, என் பழைய வேட்டியக் கிழிச்சு, சின்னச் சின்ன தலகாணியா தச்சு, கதவுக்குள்ள கழுத்து வரைக்கும் திணிச்சேன்… மங்களம் தைக்கல, நான்தான் தச்சேன். பொண்டாட்டி அப்பவே சொன்னா, 'பதருக்குள்ள நெல்லு கெடக்கும், பாத்து'ன்னு. 'எனக்கு நெல்லப் பத்தி நீ சொல்றியா'ன்னேன். இப்ப பக்கத்துலதான் நிக்கிறா. ஒண்ணும் பேசல. அதான் பயமா இருக்கு.

… தண்ணியா? அதுவும் நான்தான். கதவுக்கு அடியில சின்னச் சின்னதா ஓட்டை இருந்துச்சு. அது வழியா காத்து பூந்துதான் விசில் அடிக்குதுன்னு பசை வச்சு அடைச்சேன். அது மழைத்தண்ணி வடியிறதுக்கு வச்ச ஓட்டையாம். மெக்கானிக் ஜாஃபர் சாதிக் இன்னிக்கு சொல்றாரு. ஏன் பாய் அப்பவே சொல்லலைன்னா, 'நான் பதில் சொல்ற மாதிரி நீங்க எங்க கேட்டீங்க'ங்குறாரு. அப்புறம், வண்டிய உங்கிட்ட பளபளன்னு ஒப்படைக்கணும்னு மோட்டாரப் போட்டு, குழாய அப்படியே கண்ணாடி மேல புடிச்சு… ஆமா. ஊறவச்சேன், வடிய விடாம அடைச்சேன், தார்ப்பாய் போட்டு இருட்டுல மூடினேன். வெதைநெல்லுக்கு மூட்டம் போடுறது வேற எப்படியாம்? கோணிச் சாக்குக்குப் பதிலா கார் கதவு, அவ்ளோதான். வயல்ல கூட எனக்கு இவ்ளோ சீரா முளைச்சதில்லக்கா. ஒரு பொக்கு இல்ல.

சிரிக்கிறியா?… இல்லையா… சரி, திட்டு. தாராளமா திட்டு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தலையக் குனிஞ்சுதான் நிக்கிறேன், மங்களத்த வேணா கேளு…

… என்ன?… பரவாயில்லையா?

ஹலோ, அக்காதானே பேசுறது?… நம்பர் மாறிப் போச்சா? கரண்டு பில்லு கட்ட ஒரு நாள் மறந்ததுக்கு தெருவே கேக்குற மாதிரி திட்டுனவ நீ… கேக்குதா?… நீ கரண்டு பில்லுக்கு திட்டுனத சொன்னேன்… கரண்டு பில்லு… விடு, பெரிய விஷயமில்ல.

இல்லக்கா, அதெப்படி பரவாயில்லாம போகும்? கண்ணாடி இறங்க மாட்டேங்குது. கதவத் தொறந்தா வண்டி ஒரு பக்கமா சாயுது, அவ்ளோ கனம். உள்ள உக்காந்தா சேத்து வயல்ல நிக்கிற மாதிரி ஒரு வாடை. வெள்ளிக்கிழமை அந்த இராஜாங்கம் வண்டி பாக்க வர்றேன்னிருக்காரு, உனக்குத் தெரியும்ல?… அப்படியே குடுத்துர்றதா? எப்படி அப்படியே குடுக்குறது, காரோட ஒரு குழி நாத்தும் சேத்தா? அந்தாளு வந்து, சார், எஞ்சின் பாத்துட்டேன், டயர் பாத்துட்டேன், நடவு எப்பன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?…

அக்கா, நான் ஒண்ணு சொல்லவா. நீ விக்க வேணாம்னுதானே நான் இந்தக் கூத்தெல்லாம் பண்ணேன்… ஆமா. வேற எதுக்கு? எனக்கு பதர் திணிக்கிறது பொழுதுபோக்கா? நீ என்ன சொன்ன? 'இந்தச் சத்தம் போகலன்னா வண்டிய வித்துருவேன், இனிமே ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்'ன. நான் கேட்டேன், சத்தம் போயிட்டா வச்சுக்குவியான்னு. நீ 'பாப்போம்'ன. பாப்போம்னா வச்சுக்குவேன்னுதானே அர்த்தம்?… பின்ன?… நீ 'பாப்போம்'னா முடியாதுன்னு அர்த்தமா? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு அது தெரியும், எனக்கு யாரும் சொல்லல.

… தெரியும், பஸ் இருக்கு. காலங்காலமா பஸ் இருக்கு. அதுக்காக?… வயசா? அத்தான் போனப்பறம் ஒரு வருஷம் வீட்டுக்குள்ளயே கெடந்தவ, ஒரு நாள் காலைல சாவியத் தூக்கி என் மேல எறிஞ்சு, 'வாடா, எனக்கு ஓட்டக் கத்துக்குடு'ன்ன. அப்ப வயசாகலையா? ஊர்ல ஒரு வைக்கோல் போரு, ஒரு பம்பு ஷெட்டு சுவரு, என்னோட ஒரு முழங்காலு… எல்லாத்தையும் இடிச்சுத்தான் கத்துக்கிட்ட. வேதாரண்யம் வரைக்கும் தனியா ஓட்டிட்டுப் போயி, உப்பளத்து ஓரமா வண்டிய நிறுத்தி எனக்குப் போட்டோ அனுப்பல? பின்னாடி உப்பு குமிச்சுக் கெடக்கு, முன்னாடி நீ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கிற. அந்தப் போட்டோவ நான் பாக்குற ஆளுக்கெல்லாம் காட்டியிருக்கேன். எங்க அக்கான்னு… சரி, அழல. யாரு அழுவுறா, மழை சத்தம்.

இல்ல, நீ கேளு. சத்தத்துக்குன்னு நான் என்னதான் பண்ணல? சீட் பெல்ட்டு கொக்கி கதவுத் தூண்ல டொக்கு டொக்குன்னு அடிச்சுது, துணி சுத்தினேன். டிக்கியில ஜாக்கி உருண்டுச்சு, கயிறு போட்டுக் கட்டினேன். நம்பர் பிளேட்டு தாளம் போட்டுச்சு, வாஷர் வச்சு முறுக்கினேன். டேஷ்போர்டப் பிரிச்சா உள்ள அத்தானோட சுண்ணாம்பு டப்பா… ஆமா, அதுதான், பித்தளை டப்பா. நீ 'வெத்தல போட்டா வண்டியில ஏறாதீங்க'ன்னு கத்துவியே, ஒளிச்சு வச்சிருக்காரு மனுஷன். ஒவ்வொரு பள்ளத்துலயும் கணீர் கணீர்னுது. எடுத்துட்டேன். வீட்ல வச்சிருக்கேன், தர்றேன். ஒவ்வொண்ணா சரி பண்ணி உன்னைக் கூட்டிட்டுப் போயி ஓட்ட வச்சா, நீ ஒரே பாட்டு: 'கடகட போச்சு, அந்த ஒண்ணு மட்டும் போகல'… ஆமா, ஙொய்ங்குனு. சில்வண்டு மாதிரின்ன. எனக்குக் கேக்கல. மங்களத்துக்குக் கேக்கல. ஜாஃபர் சாதிக் பானெட்டுக்குள்ள தலைய விட்டுப் பாத்துட்டு, 'இல்லாத சத்தத்த நான் எங்க போயி நிறுத்துறது'ன்னு டீ குடிக்கப் போயிட்டாரு.

அதுக்காக நான் விட்டனா? டிக்கிக்குள்ள படுத்துப் பாத்தேனே… உங்கிட்ட சொல்லலையா? சொல்லாம இருந்ததே நல்லது… சரி, சொல்றேன். பின்னாடி எங்கயோதான் வருதுன்னு, நம்ம பக்கிரிய ஓட்டச் சொல்லிட்டு, நான் டிக்கிக்குள்ள சுருண்டு படுத்து மூடிக்கிட்டேன்… ஆமா, வயல் வேலைக்கு வர்ற பக்கிரிதான். அவனுக்கு டிராக்டர்தான் ஓட்டத் தெரியும், அது வேற விஷயம். ரயில்வே கேட்டு போட்டிருக்கான். இவன் வண்டிய நிறுத்திட்டு, நான் உள்ள இருக்குறத மறந்து, போண்டா திங்கப் போயிட்டான். நான் உள்ளேந்து டொம்மு டொம்முன்னு தட்டுறேன். வெளிய ஒரு பொம்பள, 'ஐயையோ, யாரையோ கடத்திட்டுப் போறாங்க'ங்குது. கூட்டம் கூடிருச்சு. டிக்கியத் தொறக்குறாங்க, உள்ள நான், வாய்ல டார்ச்சு லைட்டு. 'என்ன சார் பண்றீங்க'ன்னு கேக்குறான் ஒருத்தன். 'சத்தம் கேக்குதான்னு பாக்குறேன்'னேன். ஊரே பாத்துச்சு…

… இப்ப சிரிச்ச. கேட்டுச்சு. அப்பாடா… ஆமா, போண்டா எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்திருந்தான். நல்ல பையன்.

… ஹலோ?… என்ன?… நான் இப்ப ஒண்ணும் சொல்லலியே… நீ சொல்லு… கேக்கலையா? இரு, கொட்டாய விட்டு வெளிய வர்றேன். நனைஞ்சா நனையிறேன்… இப்ப?… சரி.

அப்ப நான் முடிவா என்ன பண்ணட்டும்? ஜாஃபர் சாதிக் கதவ மொத்தமா கழட்டி, எல்லாத்தையும் அள்ளிப் போட்டுட்டு, வெயில்ல ஒரு வாரம் காயவச்சா சரியாயிடும்ங்குறாரு. வெயிலுக்கு ஐப்பசியில எங்க போறது, அத நான் பாத்துக்குறேன். நீ இராஜாங்கத்துகிட்ட இப்ப விக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிரு…

ஏன்க்கா?… சத்தம் இன்னும் இருக்குங்கிறியா? வண்டி இங்க நிக்குது, நீ அதுல ஏறியே பத்து நாளாச்சு. சத்தம் இருக்கா இல்லையான்னு உனக்கு எப்படி… இல்ல, நீ இப்ப 'இருக்கு'ன்ன… 'இருக்கும்'னா சொன்ன?… 'இருக்கு'ன்னுதான் கேட்டுச்சு எனக்கு.

… ம். சரி. இருக்கும்னே வச்சுக்குவோம்.

போன தடவ ஓட்டிப் பாத்தோமே, கடைசியா. வீட்டு வாசல்ல நிறுத்தி சாவிய உருவிட்ட. எஞ்சின் அடங்கிப் போச்சு. அப்பவும் 'இன்னும் கேக்குதுடா'ன்ன. நான் என்ன சொன்னேன்?… ஞாபகம் இருக்கு. 'வண்டிக்கு உன் மேல ஆசை, விட்டுப் பிரிய மனசில்ல'ன்னு சொல்லிட்டு நானே சிரிச்சேன். அத டீக்கடையில வேற போயி சொன்னேன்… நீ சிரிக்கல. இப்பதான் ஞாபகம் வருது, நீ சிரிக்கல.

அந்த டவுன் பஸ் விஷயம்… கோபப்படாத. எனக்கு எப்பவோ தெரியும், கும்பகோணத்துல நடக்குறது குத்தாலத்துக்கு வர எவ்ளோ நேரம் ஆகும்? மடத்துத் தெருவுல பஸ்காரன் பின்னாடியே ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்தான், நீ ஒதுங்கவே இல்ல, கடைசியில உரசிட்டுப் போயிட்டான், அதானே?… ஆமா, நான் அதையும் ஜோக்குதான் அடிச்சேன். டவுன் பஸ்ஸுக்கே வழி விடாத மகாராணின்னேன்… எந்தப் பக்கம் உரசினான்?… சும்மாதான் கேக்குறேன்… இடதா.

அதுக்கப்புறந்தான் 'விக்கிறேன்'னு ஆரம்பிச்ச, இல்ல?

… இல்ல, நீ அப்படித்தான் சொல்லுவ.

அக்கா, ஒண்ணு பண்ணு. போன் இப்ப எந்தக் காதுல இருக்கு?… வலதா. நீ எப்பவும் இடது தோள்ல இடுக்கிக்கிட்டுதானே பேசுவ? ஒரு கையில பரிச்சைப் பேப்பரு, ஒரு கையில சிவப்பு பேனா. எப்பலேந்து மாத்துன?… கழுத்து வலியா. சரி, கழுத்து வலி. ஒரே ஒரு தடவ இடது காதுல வையேன்… காரணமெல்லாம் இல்ல. எனக்காக. வண்டிய நாசம் பண்ணவன் கேக்குறேன், எனக்குக் கேக்க உரிமை இல்லதான், இருந்தாலும் வை… வச்சியா?…

அக்கா.

அக்கா, வச்சிட்டியா?

அக்கா, உன் வண்டிய குளத்துல தள்ளிட்டேன். நாலு சக்கரமும் மேல பாத்துக் கெடக்கு. கெளுத்தி மீனு உள்ள பூந்து கியர் போட்டுக்கிட்டிருக்கு…

திட்டுக்கா. இதுக்காவது திட்டு.

அக்கா?…

… ஆங். ஆங், இருக்கேன். வலது பக்கம் மாத்திட்டியா… சரி. நான் என்ன சொன்னேன்?… வண்டி கழுவுறதப் பத்தியா… ம்… ஆமாக்கா. அதத்தான் சொன்னேன்.

… லைன்லதான் இருக்கேன். இல்ல, டவர் இருக்கு. டவர் நல்லாத்தான் இருக்கு. ஆரம்பத்துலேந்தே நல்லாத்தான் இருந்திருக்கு. நான்தான் ஊரச் சுத்தி நனைஞ்சுக்கிட்டிருக்கேன்.

மங்களம், நீ கொஞ்சம் உள்ள போ… போயேன்.

அக்கா, நான் ஒண்ணு கேக்குறேன். பஸ் இருக்கு, வயசாச்சு, கழுத்து வலி… அதெல்லாம் வேணாம். ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு. அந்த ஙொய்ங்… வண்டி இங்க களத்துல நிக்குது. நீ அங்க கட்டில்ல உக்காந்திருக்க. இப்ப கேக்குதா, அந்தச் சத்தம்?

…

ம்.

… ராத்திரியுமா?… ம்… ம்… படுத்தா அதிகமாவா…

ஆடி மாசத்துலேந்தா? நாலு மாசமாவா… இடதுல வேற எதுவுமே கேக்கலையா? சுத்தமா?… ம்… நல்லெண்ண விட்டியா. வேற யார்கிட்டயும் சொல்லல. டாக்டர்கிட்டயும் போகல… சரி. சரிக்கா. அழாத… சரி, அழு.

இரு. இரு, ஒண்ணு புரியுது இப்ப. நீ ஓட்டுவ. நான் எப்பவும் உன் இடது பக்கம்தானே உக்காந்து வருவேன்? வர்ற வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவேன். நீ ரோட்டப் பாத்தபடிக்கு தலைய ஆட்டுவ. நான் நெனச்சேன், அக்கா இப்பல்லாம் நம்ம பேச்ச பொறுமையா கேக்குறான்னு… எல்லாம் அந்தக் காதுக்கா போச்சு?…

… என்னது? அது ஒண்ணுதான் இதுல நல்லதா?… பாத்தியா. பாத்தியா, நீயும்தான் கேலி பேசுற.

இல்லக்கா, கேளு. நான் தேடுனதெல்லாம் ஒரு கதவுக்குள்ள. நட்டு, போல்ட்டு, பதரு, வேட்டி… நீ சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்க. இடது பக்கம்ன. சில்வண்டுன்ன. வண்டி நின்னப்பறமும் கேக்குதுன்ன. இதுக்கு மேல ஒரு மனுஷி எப்படிச் சொல்லுவா? நான் டிக்கிக்குள்ள போயி படுத்துக் கெடந்திருக்கேன்.

நாளைக்கு தஞ்சாவூர் போறோம். காது டாக்டர்கிட்ட… பாப்போம்லாம் கெடையாது. உன் 'பாப்போம்'க்கு அர்த்தம் எனக்கு இப்பதான் தெரியும்… வண்டியிலயா? வண்டியில எப்படிப் போறது, பயிரு நிக்குது. பஸ்ல போவோம். நீ இடது பக்கம் ஜன்னலோரமா உக்காந்துக்க. நான் உன் வலது பக்கம் உக்காந்துக்குறேன்… இல்ல, பேச மாட்டேன். சத்தியமா. நீ கேட்டா மட்டும் பேசுறேன்.

இராஜாங்கம் வெள்ளிக்கிழமை வரட்டும். வந்தா நாத்தக் காட்டி அனுப்புறேன். விக்கிறதா வைக்கிறதாங்கிறது டாக்டர் பாத்தப்பறம். ஓட்டக் கூடாதுன்னுட்டா நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்காரு… அட ஆமா. அப்படி உக்காந்தா உன் வலது காது என் பக்கம் வந்துரும். என் பேச்செல்லாம் கேக்கும் இனிமே, உன் தலையெழுத்து.

… சரி… சரி, நான் நிறுத்துறேன்.

அக்கா. இது ஒண்ணு மட்டும் சொல்லிரு. நாலு மாசமா வண்டி மேல பழியப் போட்டுக்கிட்டு, வண்டிய விக்கிற அளவுக்குப் போயி… எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? குத்தாலம் என்ன சிங்கப்பூர்லயா இருக்கு? ஏன்க்கா சொல்லல?… இல்ல, சுத்தி வளைக்காத. நேரா சொல்லு. நான் தாங்கிக்குவேன்.

…

… டீக்கடையிலயா.

… ம்.

… ஆமாக்கா. சொல்லியிருப்பேன். சொல்லி சிரிச்சிருப்பேன்.

வை. மொத பஸ்ல வர்றேன்.